குடைச்சலுக்கு இங்கிலீஷில் என்ன?

இந்த நாட்டுக்கு வந்த நாலாவது மாதம் எனக்குப் பல்வலி வந்தது. பல்தான் காரணம் என்று அப்போது தெரியாது. கன்னம், கண்ணுக்குக் கீழே, காதோரம் என்று முகத்தின் வலது பக்கம் முழுக்க வலித்தது. இரண்டு இரவு தூங்காமல் கிடந்துவிட்டு டாக்டரிடம் போனேன்.

எப்படிப்பட்ட வலி என்று கேட்டார். 'ஹெவி பெயின்' என்றேன். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். முகம் பாரமாக இருக்கிறதா, குனிந்தால் அதிகமாகிறதா, மூக்கடைப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். குனிந்தால் வலி கூடத்தான் செய்தது, ஆமாம் என்றேன். பேச்சு சைனஸ் பக்கம் திரும்பிவிட்டது.

'விண்விண்ணுன்னு தெறிக்குது டாக்டர்.' இந்த வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. இங்கிலீஷில் கையில் இருந்ததோ பெயின், ஹெவி, சிவியர் என்று மூன்றே சொற்கள். கடைசியில் ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டிக் காட்டினேன். வலி தெறிக்கிற அதே கதியில், டொக், டொக், டொக். அவர் என் விரலையே பார்த்தார். 'த்ராபிங்?' என்றார். உடனே வாயைத் திறக்கச் சொல்லி, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லை மெதுவாகத் தட்டினார். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

அன்று இரவு அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல்லாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. நம் விண்விண் போலத்தான். இத்தனை வருடம் இங்கிலீஷ் படித்தும் இந்தச் சொல் எப்படி என்னிடம் வராமல் போனது என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

நான் இங்கிலீஷ் தெரியாமல் வந்தவன் இல்லை. போட்டித் தேர்வுகளுக்காகச் சினானிம், ஆன்டனிம் பட்டியல்களை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்தவன். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் அதற்குச் சமமான சொல், நடுவே சமக்குறி. அந்தச் சமக்குறிதான் தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தமிழில் நாம் அப்படிச் சமக்குறி போடுவோமா? செத்தார், இறந்தார், தவறிவிட்டார், காலமானார், இயற்கை எய்தினார். பொருள் ஒன்றுதான். ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'உங்க அப்பா செத்துட்டாராமே' என்று யாரும் கேட்க மாட்டோம். எதை எங்கே சொல்வது என்பது தமிழில் நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒருபொருள் குறித்த வேறு சொல், வேறுபொருள் குறித்த ஒரு சொல் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. நிகண்டுகளை மனப்பாடம் செய்து வளர்ந்த மரபு நம்முடையது. இங்கிலீஷ் என்று வரும்போது மட்டும் இதெல்லாம் மறந்துபோய், ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் பாடம் போலப் படித்துவிடுகிறோம்.

இங்கிலீஷில் ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் குவிந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. தேவாலயமும் கல்வியும் லத்தீனில் நடந்தன. குடியானவன் பழைய இங்கிலீஷே பேசினான். மூன்றும் மொழிக்குள் தங்கிவிட்டன. கேட்பதற்கு ஆஸ்க் என்பது குடியானவன் சொல், கொஸ்டியன் பிரெஞ்சு வழி வந்தது, இன்டராகேட் லத்தீன். ஒரே கேள்விதான், ஆனால் ஆஸ்க் வீட்டுக்குள் நடக்கும், இன்டராகேட் போலீஸ் ஸ்டேஷனில் நடக்கும்.

என் சிக்கல் இதில்தான் இருந்தது. புத்தகத்தில் படித்ததால் லத்தீன் மாடியில் எனக்கு நன்றாக நடமாடத் தெரியும். டாலரேட் தெரியும், போஸ்ட்போன் தெரியும். அடுப்படியில் புழங்குகிற சொற்கள்தான் தெரியாது. வேலையில் சேர்ந்த புதிதில், மீட்டிங்கைப் 'புட் ஆஃப்' செய்துவிட்டார்கள் என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னார். தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். போஸ்ட்போன் என்று சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். ஆளில்லாத அறையில் இருபது நிமிடம் காத்திருந்தேன். புட் ஆஃப், புட் அப் வித், புட் அவுட். இந்தப் புட் ஒன்றே ஒரு தனிப் பாடம். பொறுத்துக்கொள்வதற்கு டாலரேட் என்று எழுதலாம், ஆனால் பக்கத்து மேசைக்காரர் அதைப் புட் அப் வித் என்றுதான் சொல்வார்.

இன்னொன்று டவுட். ஒரு வேலையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம், ஒவ்வொரு படிக்கும் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அவர் முகம் மாறிவிட்டது. நான் சொல்வதில் எது தவறு என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நமக்குச் சந்தேகம் என்றால் விளங்கிக்கொள்ளக் கேட்பதும் உண்டு, நம்பாமல் இருப்பதும் உண்டு. டவுட்டில் அந்த முதல் பாதி இல்லை. நான் ஆசையாகக் கேட்டது அவர் காதில் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழுந்திருக்கிறது. மறுநாள் போய் விளக்கிச் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஐ ஹேவ் எ கொஸ்டியன்தான். புதிதாக வருகிற நம்மவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். சொல்லும் பொருளும் எழுதுகிற நோட்டு இல்லை. காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே எழுதுவேன். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று பக்கத்தில் குறிப்பேன். ஜே. ஆர். ஃபர்த் என்ற லண்டன் மொழியியலாளர், ஒரு சொல்லை அது சேருகிற கூட்டத்தை வைத்துத்தான் அறியமுடியும் என்று 1957-இல் எழுதினார். நோட்டு நிறைய நிறைய அது எவ்வளவு உண்மை என்று பார்த்தேன். ஹெவி மழையோடு சேரும், டிராஃபிக்கோடு சேரும், வலியோடு சேர்ந்தால் பாரம் ஆகிவிடும். அகராதியையும் மாற்றினேன், பொருளைத் தமிழில் தராமல், எளிய இங்கிலீஷிலேயே விளக்கி உதாரண வாக்கியமும் தருகிற மாணவர் அகராதிக்கு வந்தேன். முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

எத்தனை சொல் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். நாவல், நாளிதழைத் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. குடும்பம் என்றால் ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், பாதிக்கு மேல் படித்து முடித்துத்தான் வந்திருப்போம். வந்த இடத்தில் அவற்றைத் திரும்ப ஒருமுறை பழகவேண்டும், அவ்வளவுதான்.

என் பல்வலிக்கு உண்மையான பதில் வெகுநாள் கழித்துக் கிடைத்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்து 1975-இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். 78 சொற்கள், 20 கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் சொற்கள் படிப்படியாகக் கடுமை ஏறும் வரிசையில் நிற்கின்றன. த்ராபிங் முதல் கூட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு ஒரு படி மேலே பீட்டிங், அதற்கும் மேலே பவுண்டிங். சினானிம் என்றால் சமக்குறி இல்லை, படிக்கட்டு என்று எனக்குக் காட்டியது அந்தத் தாள்தான். அதைப் பிரதியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம் சொல்லை எழுதிப் பார்த்தேன். குத்தல், எரிச்சல், கடுகடுப்பு, உளைச்சல், சுருக்கென்று. எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைக்கவில்லை. கிடைத்தவை அருமையாகப் பொருந்தின.

போன மாதம், மகனோடு தங்க வந்திருக்கும் ஓர் அம்மா போன் செய்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம், மகனுக்கு லீவு இல்லை.

"தம்பி, முட்டிக்குள்ள குடைச்சலா இருக்கு. அதை எப்படிச் சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள் என்றேன். பிறகு என் தாளை எடுத்தேன். மூன்றாவது கூட்டம், இரண்டாவது சொல்.

"போரிங்னு சொல்லுங்கம்மா."

"போரடிக்குதுன்னா? தப்பா நினைக்கமாட்டாங்களா?"

"அது இல்லம்மா. போர்வெல் போடுறோமே, அந்தப் போர். குடையுறதுக்கு அவங்க சொல்றது அதுதான். தனியா சொல்லாதீங்க, டீப் போரிங் பெயின், லைக் எ ட்ரில்னு சேர்த்தே சொல்லுங்க. எப்ப வருது?"

"ராத்திரிதான் தம்பி."

"அப்ப அட் நைட்."

டீப், போரிங், லைக் எ ட்ரில், அட் நைட் என்று அவர் மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.