நான்கு நொடிச் சீட்டு

மௌனப் படம்தானே, பேச்சே கிடையாதே என்று நினைத்துத்தான் அந்த வேலைக்குச் சம்மதித்தேன். பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து நின்ற சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைப் பற்றி ஹன்ஸ் கைசர் 1927இல் ஜெர்மனியில் எடுத்த படம். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கித் திரையின் அடியில் ஓடவிட வேண்டும். சிறிய திரையிடல், சிறிய கூலி.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மொழியை விட ஸ்டாப்வாட்ச்தான் பெரிய எதிரி என்று. தமிழ் வரியை நானே வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். முடிப்பதற்குள் அட்டை மறைந்துவிட்டால் வெட்டு. முதலில் அடைமொழிகள் போகும், பிறகு 'ஆகவே', 'எனினும்' எல்லாம்.

மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில். ஜெர்மனில் 'அப்லாஸ்', இரண்டே அசை. பள்ளிப் பாடநூலில் படித்தபடி 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று எழுதிவிட்டேன். கூட வேலை பார்த்த பெரியவர் கத்தோலிக்கர். சரிபார்க்கும்போது நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, குருவிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்திலேயே பாவம் மன்னிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிற தண்டனையைத்தான் இது குறைக்கிறது. எங்கள் கோயிலில் 'பலன்' என்போம்."

கத்தோலிக்கர்களின் எதிர்ப்பால் ஜெர்மனியிலேயே வெட்டு வாங்கிய படம் இது. அதில் நானும் என் பங்குக்குத் தப்பு செய்திருக்கிறேன். ஆனால் டெட்சல் என்ற துறவி ஊர் ஊராகப் போய்ப் 'பலன்' விற்றார் என்றால் ராசிபலன் என்றுதானே படிப்பார்கள்? 'தண்டனைக் கழிவு' என்று மாற்றினேன். "ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறதே" என்று சிரித்தார்.

அன்றிரவு, பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்த லூதர் 1530இல் மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். வீட்டில் இருக்கும் தாயிடமும், தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும், சந்தையில் நிற்கும் சாமானியனிடமும் கேள், அவர்கள் வாயைக் கவனி என்கிறார். பைபிளின் ரோமர் நிருபத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு, ஜெர்மன் அப்படித்தான் பேசும் என்று சண்டைக்கும் நிற்கிறார். யோபு புத்தகத்தில் மூன்று பேர் சேர்ந்தும் சில சமயம் நான்கு நாளில் மூன்று வரி தேறவில்லையாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவருக்கு நான்கு நாள், எனக்கு நான்கு நொடி.

கடைசியில் 'தண்டனைக் குறைப்புச் சீட்டு' என்று வைத்தோம். பெரியவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

திரையிடலன்று முன்வரிசையில் ஒரு அம்மா ஒவ்வொரு அட்டையையும் மெல்ல வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அட்டை வந்தது. "தண்டனைக் குறைப்புச்..." என்றார். அதற்குள் படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.