மூணு பேரு சேந்து வச்ச முதல் அஞ்சு கல்

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்ததுலேந்து ஞாயித்துக்கிழமையானா ஸ்டேஷன் பக்கத்து மாடியில இருக்கற கோ (கறுப்பு வெள்ளைக் கல்லு வச்சு இடம் பிடிக்கற பலகை ஆட்டம்) கிளப்புக்குப் போயிடுவேன். போன மாசம் அங்க சோடன்கோ வச்சாங்க. அணிக்கு மூணு பேரு, ஒவ்வொரு கல்லையும் கலந்து பேசித்தான் வைக்கணும். ரெங்கோன்னு இன்னொண்ணு இருக்கு, அதுல ஆளாளுக்கு முறை போட்டு வைப்பாங்க, வாயே திறக்கக்கூடாது. எனக்கு இந்தப் பேசி ஆடறதுதான் ரொம்ப பிடிச்சிருக்கு, பக்கத்துல இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு காதாலயே கேக்கலாம்ல.

எங்க அணியில எழுபது தாண்டின ஒரு பெரியவர், ஹைஸ்கூல் படிக்கிற ஒரு பொண்ணு, நான். தள்ளி ஒரு மேசையில எங்களுக்குத் தனி போர்டு, அதுல வச்சுப் பாத்துட்டு முடிவானதும் ஒருத்தர் போய் நிஜ போர்டுல வைக்கணும்.

கோ தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். போர்டுல 19க்கு 19 கோடு, மொத்தம் 361 புள்ளி. எல்லாரும் மூலையிலதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா அங்க ரெண்டு பக்கமும் போர்டோட விளிம்பே வேலியா நிக்குது. கல்லுங்க சாகாம இருக்க உள்ள ரெண்டு கண்ணு, அதாவது எதிராளி வைக்க முடியாத ரெண்டு காலி இடம், வேணும்; அதுக்கு மூலையில 6 கல் போதும், ஓரத்துல 8, நடுவுல 10. அதனால மூலை, அப்புறம் ஓரம், அப்புறம் நடு.

எங்களுக்குக் கறுப்பு, கறுப்புதான் முதல்ல வைக்கும், அதனால 1, 3, 5ன்னு ஒத்தைப்படைக் கல்லெல்லாம் எங்களோடது. முதல் கல் மேல் வலது மூலை நட்சத்திரப் புள்ளி (ரெண்டு விளிம்புலேந்தும் நாலாவது கோடு சேர்ற இடம்), மூணாவது கீழ் வலது நட்சத்திரம், இதுவரைக்கும் யாரும் மறுப்பு சொல்லல. அஞ்சாவது கல்லுலதான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். நான் ரெண்டுக்கும் நடுவுல ஓரத்து நட்சத்திரத்துல வச்சு சன்ரென்செய் (ஒரே பக்கத்துல மூணு நட்சத்திரமும் நம்மளோடது) ஆக்கலாம்னேன், ஜப்பானிய ஆட்டக்காரர் தகெமியா மசாகி ஆடின மாதிரி நடுவைப் பாத்த பெரிய கூடாரம் வரும்ல. பெரியவர் வெள்ளையோட மேல் இடது மூலையை நெருங்கணும்னாரு. அந்தப் பொண்ணு கீழ் இடது வெள்ளை நட்சத்திரத்துக்கு அடியில நேரா 3-3ல (ரெண்டு விளிம்புலேந்தும் மூணாவது கோடு சேர்ற இடம்) நுழையணும்னா, ஆல்ஃபாகோங்கற கோ ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம் வந்ததுக்கப்புறம் அவ வயசுப் பசங்க அதைப் பாத்துத்தான் வளந்திருக்காங்க. கடைசியில என்னோடதுக்கு ஓட்டு விழுந்துது, அடுத்த கல் அவளுக்குன்னு விட்டோம், அது நியாயம்னுதான் அப்ப எல்லாருக்கும் பட்டுது.

அங்கதான் ஆட்டம் போச்சு. 3-3ல நுழைஞ்சோம், வெள்ளை கீழ்ப்பக்கமா அடைச்சாங்க, எங்களுக்கு இடது ஓரத்துல சின்னதா ஒரு வீடு, அவங்களுக்கு எங்க வலது பக்கத்தையே பாத்து நிக்கற கெட்டியான சுவர். நாங்க கட்ட நினைச்ச கூடாரத்துக்கு எதிரா நாங்களே சுவர் எழுப்பிக் குடுத்துட்டோம்! சன்ரென்செய் நல்ல ஆட்டம், 3-3ம் நல்ல ஆட்டம், ஆனா அடுத்தடுத்து வச்சா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும். நாங்க கல்லுக்குத்தான் ஓட்டுப் போட்டோமே தவிர திட்டத்துக்குப் போடல.

வீட்டுக்குப் போற ட்ரெயின்ல 1933ல கோ செய்கென்ங்கற இளம் ஆட்டக்காரர் (இந்தக் கோ அவர் பேரு) அப்பப் பெரிய மாஸ்டரா இருந்த ஹோனின்போ ஷூசாயோட ஆடின ஆட்டம்தான் ஞாபகத்துல ஓடிச்சு. செய்கெனோட முதல் மூணு கல் 3-3, நட்சத்திரம், அப்புறம் போர்டோட நட்டநடு. மூணு பேரு கூடி ஓட்டுப் போட்டிருந்தா அதுல ஒரு கல்லு கூட தேறியிருக்காது, ஆனா அதெல்லாம் ஒரே மனசுலேந்து வந்த கல்லு, ஒண்ணுக்கொண்ணு பேசிக்குது. அந்த ஆட்டம் பல தடவை நிறுத்தி நிறுத்தி 1934 ஜனவரி வரைக்கும் போய் ஷூசாய் 2 புள்ளியில ஜெயிச்சாரு. நிறுத்தின நேரத்துல அவர் சீடர்களோட கலந்து பேசினாருன்னும், பேர்போன 160வது கல்லே ஒரு சீடர் கண்டுபிடிச்சதுன்னும் ஒரு பேச்சு இன்னைக்கும் உண்டு.

அடுத்த வாரமும் கறுப்புதான். இந்தத் தடவை கல்லையே தொடாம பத்து நிமிஷம் பேசினோம். பெரியவருக்கு ஓரத்துல இடம் வேணும், பொண்ணுக்கு சண்டை வேணும், எனக்குப் பெருசா விரியணும், மூணுக்கும் இடம் குடுக்கற தொடக்கம் எதுன்னு தேடி சீனத் தொடக்கத்துல வந்து நின்னோம். மேல் வலது நட்சத்திரம், கீழ் வலது கொமோக்கு (ஒரு விளிம்புலேந்து மூணாவது, இன்னொண்ணுலேந்து நாலாவது கோடு சேர்ற இடம்), அஞ்சாவது கல் வலது ஓரத்துல மூணாவது கோட்டுல, நடுப் புள்ளிக்கு ஒரு கோடு கீழ. வெள்ளை அந்த கொமோக்குவை நெருங்கி வந்தா காலூன்ற இடமில்லாம ஓடணும், நாங்க துரத்திக்கிட்டே இடம் சேக்கலாம்.

வெள்ளை 6வது கல்லுல அங்கயே வந்தாங்க. எங்க போர்டுல மூணு விரலும் ஒரே புள்ளிக்கு மேல வந்து நின்னுது, யாரும் எதுவும் சொல்லல, பெரியவர் சிரிச்சுட்டு கல்லை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுப் போய் வச்சாரு, அந்த பச்சுங்கற சத்தம் எங்க மேசை வரைக்கும் கேட்டுது.

கடைசி எல்லைச் சண்டையில கோட்டை விட்டு இரண்டரை புள்ளியில தோத்தோம், ஆனா நூறாவது கல் வரைக்கும் அது எங்க ஆட்டம்தான். வர்ற ஞாயிறு எங்களுக்கு வெள்ளை. எதிராளி எங்க வைக்கறாங்கன்னு பாத்துதான் திட்டமே போட முடியும், அதுக்கு மூணு பேரும் முன்னாடியே என்ன பேசி வச்சுக்கறதுன்னு இன்னும் தீரல. பொண்ணு ரெண்டு பழைய ஆட்டத்தோட கிஃபுவை (கல்லு வச்ச வரிசையைக் குறிச்ச தாள்) போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா, ராத்திரி சாப்பிட்டதும் போர்டுல வச்சுப் பாக்கணும்.