பனியில் பத்தொன்பது பேர்: இரண்டாம் முயற்சி

போன குளிர்காலத்தில் மொத்தக் குடும்பத்தையும் பனியில் நிற்க வைத்து எடுத்ததில் ஒரு படம்கூடத் தேறவில்லை. முகமெல்லாம் கறுத்து, பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். இந்த வருடம் அதே 19 பேர், மூன்று வரிசை. படம் தேறிவிட்டது, அதுவும் நான் நினைத்ததைவிட நன்றாக.

கேமராவின் மீட்டர் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை 1 முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். போன வருடமும் ஏற்றினேன். பனி வெள்ளையானது, முகம் தெளியவில்லை. நிறுத்திய திசைதான் தப்பு. வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று எல்லோரையும் சூரியனைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். குளிர்கால சூரியன் உச்சிக்கே வருவதில்லை. 15 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் ஆளைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு நீளம். முன்வரிசையின் நிழல் பின்வரிசை நெஞ்சில், பக்கத்து ஆளின் தொப்பி நிழல் அடுத்தவர் கன்னத்தில். கண்கூச்சம் வேறு.

இந்த முறை எல்லோரையும் அப்படியே திருப்பினேன். முதுகு சூரியனுக்கு, முகம் வெட்டவெளிப் பனிக்கு. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அவ்வளவு பெரிய ரிஃப்ளெக்டரை யாராலும் தூக்கி வர முடியாது. கீழிருந்து வரும் அந்த ஒளி கண்குழி, தாடையின் அடிப்பக்கம், தொப்பியின் உள்பக்கம் என்று நிழல் தங்கும் இடங்களையெல்லாம் நிரப்பிவிடுகிறது. தலைமுடி ஓரத்தில் சூரியன் ஒரு கோடு போட்டுத் தருகிறது. ஆனால் முன்னால் இருக்கும் பனியை யாரும் மிதிக்கக் கூடாது. மிதிபட்டால் படத்திலும் அசிங்கம், வெளிச்சமும் குறையும். எல்லோரையும் பின்பக்கமாகச் சுற்றி அழைத்து வந்தேன். சின்னவர்கள் இரண்டு பேர் குறுக்கே ஓடியதில் இடப்பக்கம் ஒரு தடம் விழுந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

அளவு எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாநிறம் முதல் நல்ல கறுப்பு வரை எல்லா நிறமும் உண்டு. யார் முகத்தில் அளப்பது? சித்தப்பா முகத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) வைத்தால் ஒரு கணக்கு, அவர் மகள் முகத்தில் வைத்தால் வேறு கணக்கு. உள்ளங்கைதான் வழி. தோல் எந்த நிறமானாலும் உள்ளங்கை அவ்வளவாக வேறுபடுவதில்லை. மீட்டர் எதையும் கொண்டுபோகப் பார்க்கும் நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதல். நடுவில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை என் பக்கம் காட்டுங்க பாட்டி" என்றேன். கையை முகத்தருகே பிடித்துக் காட்டினார். ரேகைகளுக்கு நடுவே மருதாணி மங்கிய வட்டம்கூட வியூஃபைண்டரில் தெரிந்தது. அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் ஏற்றி மேனுவலில் பூட்டினேன். எஃப் 8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 400. லென்ஸ் 50 மிமீ, தூரம் 8 மீட்டர். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் பனி வலது ஓரத்தைத் தொடாமல் நின்றது, அதாவது வெளுத்துப் போகவில்லை. சூரியன் தாழ்வாக இருப்பதால் தரைப்பனி அளவுக்கு மீறி ஒளிர்வதில்லை. அது நமக்கு நல்லது.

எதிரே சூரியன் என்பதால் ஃப்ளேர் (லென்ஸில் வெயில் பட்டு வரும் வெளிறல்) வரும், லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் மட்டும் போதாது. கேமராவை ட்ரைபாடில் வைத்துவிட்டு, ரிமோட் ஒரு கையில், கறுப்பு அட்டை இன்னொரு கையில் என்று லென்ஸுக்கு நிழல் பிடித்தேன். ட்ரைபாட் பற்றியும் ஒன்று. ஆழமான பனியில் கால்களை முழுக்க விரித்து அழுத்தினால் அவை இன்னும் வெளியே தள்ளப்பட்டு மூட்டு உடைய வாய்ப்புண்டு. பாதி விரித்து அழுத்தினால் தானாக விரிந்து உட்காரும். பேட்டரியில் வழக்கமான குளிர்த் தொல்லைதான். மலிவு என்று வாங்கிய மாற்று பேட்டரி 60 சதவீதத்திலிருந்து ஒரேயடியாகச் செத்தது. கேமராவோடு வந்ததோ, உள்சட்டைப் பையில் இருந்து எடுத்துப் போட்டதும் கடைசி வரை நின்றது. இனி மாற்று பேட்டரி வாங்கப் போவதில்லை.

எத்தனை எடுப்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. 2006இல் அதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகு, மோசமான வெளிச்சத்தில் இரண்டால் வகு. அத்தனை படம் எடுத்தால் யாரும் கண் மூடாத ஒன்று அநேகமாகக் கிடைக்கும். எனக்கு 7 போதும். குளிர்காற்றில் கண் அதிகம் சிமிட்டும் என்று 14 எடுத்தேன். அதில் மூன்றில் எல்லோருக்கும் கண் திறந்திருக்கிறது. போன வருடம் 40 எடுத்தும் ஒன்றுகூட இல்லை. கண்கூச்சம் போனதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தீராதது பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி. முகத்துக்கு வெளிச்சம் தரும் அதே பனி, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் திட்டாக விழுந்துவிட்டது. கண்ணாடிக் கால்களைக் காதுக்குமேல் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன். சில்லுகள் கீழ்நோக்கிச் சாய்வதால் பிரதிபலிப்பு விலகும் என்பது கணக்கு. ஸ்டுடியோவில் விளக்கு மேலே இருக்கும், அங்கே பலிக்கும். இங்கே ஒளியே கீழிருந்து வருகிறது, சாய்க்கச் சாய்க்கத் திட்டு பெரிதானது. எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை. அடுத்த பனிக்கு முதல் வேலை அதுதான்.

அடுத்த தடவை நானும் படத்துக்குள் நிற்க வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிழல் பிடிக்கும் அட்டைக்கு ஒரு கவ்வியும் வளையும் கம்பியும் தேட வேண்டும்.

இப்போதைக்குப் பெரியப்பாவின் கண்ணாடியைப் பதினோராவது ஃபிரேமிலிருந்து எடுத்து ஆறாவதில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பதினோராவதில் அவர் தலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இடது கண் முழுதாகத் தெரிகிறது. வலதுக்கு இன்னும் சரியான துண்டு கிடைக்கவில்லை.