ஏழு கிலோ சிமெண்ட் உருண்டையும் மூன்று வண்ண டேப்பும்

உடற்பயிற்சிக்கு முதலில் ஆசைப்பட்டது, கையில் பிடித்துச் சுற்றும் கர்லாக்கட்டைக்குத்தான். அதற்கு நல்ல மரம் வேண்டும், கடைசல் பட்டறைக்கு நடக்க வேண்டும். கதைக்கு, அதாவது ஆஞ்சநேயர் கையில் இருக்கும் கதாயுதத்துக்கு, அந்தத் தொல்லை இல்லை. காசிப் பயில்வான்கள் மூங்கில் கழியின் நுனியில் ஒரு கல்லுருண்டையைச் செருகித்தானே சுற்றுகிறார்கள்! வீடு கட்டிய மிச்சமாக மாடிப்படிக்கு அடியில் அரை மூட்டை சிமெண்ட் வேறு கிடந்தது. குழந்தை விளையாடி ஓய்ந்த ரப்பர் பந்து ஒன்றும் இருந்தது. பந்தை அச்சாக்கிச் சிமெண்டை வார்த்து, மூங்கிலுக்குப் பதில் ஒரு பைப்பைச் செருகினால் ஆயிற்று, வேறென்ன வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

முதல் கதை மூன்று நாள் உயிரோடு இருந்தது. நான்காம் நாள் தூக்கினால் பைப் மட்டும் கையோடு வந்தது. உருண்டை தரையிலேயே உட்கார்ந்திருந்தது. அதுவும் உருண்டையாக இல்லை, அடி சப்பி, பழுத்த பலாப்பழம் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்தது. அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ஒரு துண்டை எடுத்துப்போய்க் காட்டினேன். "போன மழைக்காலத்தைப் பார்த்த சிமெண்டா? அது வெறும் மண், தம்பி" என்றார். பைப்பை ஏன் மொட்டையாகச் செருகினாய் என்றும் கேட்டார். பதில் இல்லை.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. பந்தின் தலையை பிளேடால் வெட்டித் திறந்து தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 3 லிட்டர். கான்கிரீட் தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு எடை, ஆகவே உருண்டை ஏழு கிலோவைத் தாண்டும் என்று முன்பே தெரிந்தது. கைப்பிடிக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், மூன்றரை அடி. அதன் நுனியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளை போட்டு, நான்கு அங்குல நீளத்தில் 8 மி.மீ. கம்பித் துண்டுகளைக் கூட்டல் குறி போலச் செருகினேன். இனி பைப் கழன்று வரவும் முடியாது, உள்ளே சுழலவும் முடியாது.

கலவை டம்ளர் கணக்கு: புது சிமெண்ட் 4, மணல் 8, பொடி ஜல்லி 12. தண்ணீர் மூன்று டம்ளருக்குச் சற்றுக் குறைவாக. கை கூசும் அளவுக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். இளக்கமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று இன்னொரு டம்ளர் ஊற்றுவதுதான் கெடுதல். பந்தை வாளிக்குள் வைத்துச் சுற்றிலும் மணலை இறுக்கினேன், வயிறு சப்பாமல் இருக்க. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் குத்திக்கொண்டே வந்தேன். பைப்பை நடுவில் நிறுத்தி, சாவியை நூலில் கட்டித் தூக்குக்குண்டாக்கி நேர் பார்த்து, மாடிக் கிராதியோடு இரண்டு கயிறு கட்டினேன். நான்காம் நாள் ரப்பரை உரித்தால், பந்தின் மேல் இருந்த நட்சத்திரப் பூ அப்படியே சிமெண்டில் பதிந்திருந்தது. பிறகு இரண்டு வாரம் தண்ணீர் டிரம்மில் ஊறியது. சுற்றத் தொடங்கியது வார்த்து 28 நாள் கழித்துத்தான்.

பைப்போடு சேர்த்துத் தராசில் 8 கிலோ 900 கிராம். ப்பூ, பத்து கிலோ டம்பெல் தூக்குகிறவனுக்கு இது என்ன என்று நினைத்துப் பைப்பின் கோடியைப் பிடித்துத் தோளுக்கு மேல் கொண்டுபோனேன். முதுகுக்குப் பின்னால் இறங்கியது இறங்கியதுதான், திரும்பி வரவில்லை. டம்பெல்லின் பாரம் கைக்குள்ளேயே இருக்கிறது. இதன் பாரமோ கையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று இழுக்கிறது. நான் போட்டுவிட்டு விலகியதில் மாடித் தரையின் தட்டோடு ஒன்று விரிசல் விட்டது. அதற்கு முன் துணிக்கொடியையும் அறுத்திருந்தது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கர்லா சுற்றுவதற்குப் பதக்கமே கொடுத்தார்கள் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "இப்போது கொடுக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு ஈரப் புடவையை உதறினாள். கோவில் சிற்பங்களில் ஆஞ்சநேயரின் கதைக்குக் கைப்பிடி குட்டையாக இருப்பதன் அருமை அன்றுதான் புரிந்தது.

இன்னொன்று சின்னதாக வார்க்கலாம் என்று பந்துகூட வாங்கினேன். தேவைப்படவில்லை. பிடியைக் கோடியிலிருந்து ஒரு சாண் மேலே ஏற்றினால் உருண்டைக்கும் கைக்கும் உள்ள தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, இழுப்பும் ஏறக்குறைய அவ்வளவு குறைகிறது. ஒரே கதைக்குள் பல எடைகள்! எலக்ட்ரீஷியன் ஒட்டும் டேப் வாங்கிப் பைப்பில் மூன்று இடத்தில் சுற்றினேன்: உருண்டைக்கு அருகில் பச்சை, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மஞ்சள், கோடியில் சிவப்பு. பச்சையில் இரு கையும் சேர்த்துப் பக்கத்துக்குப் பத்துச் சுற்று என்று தொடங்கினேன். இறக்கி வைக்க ஒரு பழைய ஸ்கூட்டர் டயர் போட்டிருக்கிறேன். இரண்டாவது தட்டோடு உடையவில்லை.

ஏழாவது வாரம் நடக்கிறது. மஞ்சளில் பக்கத்துக்குப் பன்னிரண்டு வருகிறது, இடது பக்கம் ஒன்பதுக்கு மேல் கோணுகிறது. சிவப்பு டேப்பில் இன்னும் அழுக்கே படியவில்லை.