‘நாளைக்குத் தண்ணி’ என்று எழுதாதீர்கள்

காவிரிப் பாசன ஊர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதிகக் குழப்பம் செய்கிற சொல் ‘நாளை’. ஃபார்வர்டு ஆகிற செய்தியோடு அதை முதலில் எழுதிய நேரம் வராது. கடைசியாக அனுப்பிய நேரம்தான் தெரியும். திங்கள்கிழமை எழுதிய ‘நாளை தண்ணீர் திறப்பு’ நாலு குரூப் சுற்றி வியாழக்கிழமை வந்தால், படிக்கிறவருக்கு நாளை என்பது வெள்ளி.

‘தண்ணி திறந்தாச்சு’ அதைவிட மோசம். எங்கே? ஜூன் 12இல் மேட்டூர் அணையில் திறந்தால் கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பாசனத்தின் கடைக்கோடியான கடைமடை வாய்க்காலைத் தொட இன்னும் பல நாள். மேட்டூர், கல்லணை, ஊர் மதகு, மூன்றுக்கும் நாம் சொல்வது ‘திறப்பு’தான். மேட்டூர்ச் செய்தியை ஊர் மதகுச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, கடைமடையான தலைஞாயிறு பக்கத்தில் ஒருவர் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டால், முளைகட்டின விதை தண்ணீருக்காகக் காத்திருக்காது.

படிக்கிற பழக்கமும் மாறிவிட்டது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை வந்தது. ஜூலையில் ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்து இடத்தைப் பிடித்தன. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவது இப்போது இளவட்டத்துக்கு மட்டுமான பழக்கமில்லை. பூட்டின திரையில் எட்டிப் பார்க்கும் முதல் வரியை வைத்தே திறப்பதா வேண்டாமா என்று முடிவாகிறது. அந்த வரியில் ‘முக்கிய அறிவிப்பு!!! அனைத்து விவசாயப் பெருமக்களுக்கும் வணக்கம்’ என்று இருந்தால், விஷயம் உள்ளேயே கிடக்கும். வணக்கத்தைக் கடைசியில் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இப்படி எழுதுங்கள்:

18-06-2025 புதன் காலை 6. கீழ மதகு திறப்பு. முறை 5 நாள்.

தேதி முதலில், ஆண்டோடு. அப்புறம் இடம், பிறகு முறை, அதாவது தண்ணீர் விடும் நாள்கணக்கு. எண் வந்தால் அலகும் கூட வரவேண்டும்: நீர்மட்டம் என்றால் அடி, திறப்பு என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு என்றால் டிஎம்சி (நூறு கோடி கன அடி). வெறும் ‘120’ எதையும் சொல்லாது.

போஸ்டர் படங்கள் தனித் தொல்லை. ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த படுக்கைவாட்டுப் படத்தை அப்படியே போடுகிறார்கள். நிமிர்த்திப் பிடித்த போனில் அது திரையில் கால்வாசிதான் வரும். அதிலும் பாதியைத் தலைவர்கள் முகம் எடுத்துக்கொண்டால் எழுத்துக்கு ஏது இடம்? கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து பெரியப்பா பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்து கலங்கித்தான் தெரியும். ஃபார்வர்டு செய்வதால் படம் கெடுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றும்போதுதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். குரூப்பில் தேடினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து கிடைக்காது. ஆண்டு போடாத ‘மேட்டூர் நிரம்பியது’ படம் எந்த வருஷம் வேண்டுமானாலும் உயிர்பெற்று வரும். படம் போட்டே ஆகவேண்டுமென்றால் நெட்டுவாட்டில் செய்து, அதே விஷயத்தைக் கீழே எழுத்திலும் போடுங்கள்.

நடவு வயலில் கை சேறாக இருக்கிறவருக்கு வாய்ஸ்தான் வசதி. ஆனால் ஃபார்வர்டு ஆன வாய்ஸில் பேசுகிறவர் யார் என்று தெரியாது. முதல் ஐந்து நொடிக்குள் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லிவிட வேண்டும். போன் நம்பரை வாய்ஸில் சொல்லாதீர்கள்; எழுதிக்கொள்ள மூன்று தடவை கேட்கவேண்டி வரும்.

அறுவடை மெஷினுக்கு முறை போட வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்யும். 12 தெரிவு வரை வைக்கலாம். ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் நாலு நாளைப் பிடித்துக்கொள்வார். பெல்ட் வண்டியா டயர் வண்டியா என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

தப்பாகப் போட்டுவிட்டால்? 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம், அப்புறம் அழிக்கவும் செய்யலாம். இரண்டும் அந்தக் குரூப்போடு சரி. வெளியே போன நகல் போனதுதான். அதனால் ‘திருத்தம்’ என்று தொடங்கிப் பழைய தேதியையும் குறிப்பிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, அது குரூப்பின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். 7 நாள் வைத்தால் ஒரு தண்ணீர் முறைக்குப் போதும்.

காலை வணக்கப் படங்களுக்குப் பயந்து அட்மின் மட்டும் பேசலாம் என்று பூட்டிவிடுகிறார்கள். அப்போது ‘எங்க வாய்க்காலுக்கு இன்னும் வரலையே’ என்று கடைமடைக்காரர் சொல்ல வழியில்லை. அறிவிப்புக்கு ஒரு குரூப், பேச்சுக்கு ஒரு குரூப் என்று பிரிப்பதே மேல்.

பட்டன் போன்காரர்களுக்கு எஸ்எம்எஸ்தான். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்; மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘மேட்டூர்’ கண்ணுக்கு 4 எழுத்து, போனுக்கு 8. மேலே உள்ள மதகுச் செய்தி 55 இடம். ‘லஸ்கர்’ (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) என்று போட்டு அவருடைய பத்து இலக்க நம்பரையும் சேர்த்தால் 73 ஆகி, இரண்டு எஸ்எம்எஸ் கணக்காகிவிடும். ‘புதன்’ என்பதை எடுத்துவிட்டால் 67.