எத்தனை பேர் படுக்கிறீர்கள்?

தூக்க ஆய்வகத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டது, மூளை அலையைப் பதிவுசெய்யத் தலையில் எலக்ட்ரோடு ஒட்டும் வேலை. மண்டையை நாடாவால் அளந்து, பென்சிலால் குறியிட்டு, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் தடவி ஒட்ட வேண்டும். எண்ணெய்த் தலையில் அது நிற்காது. நள்ளிரவில் ஒன்று கழன்றால் திரையில் மூளை அலைக்குப் பதில் கிறுக்கல்தான் ஓடும். 'எண்ணெய் வைக்காமல் வரவும்' என்று தாளில் அச்சடித்தே கொடுப்போம். வாசிக்கத் தெரியாதவர்கள் வழிய வழிய வைத்துக்கொண்டு வருவார்கள்; சீனியர்கள் சலித்துக்கொள்வார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எண்ணெய் வைத்துப் படிய வாரிப் போவதுதான் மரியாதை என்று என் அம்மாவும் சொல்லித்தான் வளர்த்தார். என் மேஜை டிராயரில் எப்போதும் நாலு ஷாம்பு பாக்கெட் கிடக்கும்.

வருகிறவர்களிடம் நிரப்பக் கொடுக்கும் வினாத்தாள்தான் என்னை உறுத்தியது. 'படுக்கையறையில் டி.வி. இருக்கிறதா?' எங்கள் வீடே ஓர் அறை. ஐந்து பேர், மூன்று பாய். அப்பா இரவுக் காவலாளி. அவர் பகலில் தூங்கும்போது நாங்கள் வாய்விட்டுப் படிக்கக்கூடாது. மனதுக்குள் படிக்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

'அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி சேர்க்கலாமா என்றேன். அது சமூகவியல், நம் வேலை இல்லை என்றார்கள். அன்று தேநீர் வேளையில் ஒருவர் என் ஊரை விசாரித்தார், பிறகு தெருவை. தெரு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2021-இல் ஒரு பொருளாதார இதழில் சென்னை ஏழைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. மணிக்கட்டில் கருவி கட்டி அளந்திருந்தார்கள். படுத்திருந்தது எட்டு மணி நேரம், தூங்கியது ஏறக்குறைய ஐந்தரை. கண்மறைப்பு, காதடைப்பான், அறிவுரை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலைத்திறன் கூடவில்லை. பகலில் வேலையிடத்தில் போட்ட குட்டித் தூக்கம்தான் பலன் தந்தது. கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் இன்னொரு 27 நிமிடம் கிடைத்து என்ன ஆகும்? அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

புது இடத்தில் முதல் நாள் பலருக்கும் சரியாகத் தூக்கம் வராது. இதற்கு ஆய்வில் ஒரு பெயர் உண்டு. அப்படியே தமிழில் 'முதல் இரவு விளைவு' என்றால் சிரிப்பார்கள். குறட்டைக்காக அப்பாவை ஓர் இரவு ஆய்வகத்தில் படுக்கவைத்தேன். ஏ.சி., மெத்தை, கும்மிருட்டு. இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால், தலை நிறைய வயரோடு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டதாம். கேட்டைப் பூட்டியாகிவிட்டதா என்று விசாரித்தார்.