ஸ்ட்ராம்பர்க் 97: ஒழுகல் நின்றது

மூன்று வாரமாக கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை. ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய வகை), 1946-48 காலத்தது, 239 கன அங்குலம், ஸ்டாண்டில் நிற்கிறது. அதன் தலையில் உட்கார வேண்டிய இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்களையும், அதாவது காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகளையும், இந்த முறை முழுசாகக் கழற்றினேன்.

97 என்ற எண் உடம்பிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. காற்று போகும் தொண்டையின் குறுகிய இடம் 31/32 அங்குலம். தசமத்தில் சொன்னால் 0.97. ஃபோர்டு எஞ்சினுக்கு ஒன்றுதான் பொருத்தி விற்றது. பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் பையன்கள் அதையே இரண்டாக, மூன்றாக வரிசை கட்டினார்கள். எனக்கு இரண்டு போதும்.

ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை), பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு, மட்டம் ஏறினால் அந்த ஊசியை மூடவைக்கும் மிதவை எல்லாம் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். பெட்ரோல் மட்டம் கிண்ணத்தின் மேல் விளிம்பிலிருந்து 15/32 அங்குலம் கீழே நிற்க வேண்டும். வைத்தேன். மறுநாள் பம்பைப் போட்டதும் இடது கார்புரேட்டரின் கேஸ்கெட் ஓரம் ஈரமானது. கொஞ்ச நேரத்தில் சொட்டு விழ ஆரம்பித்தது. மிதவையை மூன்று முறை வளைத்துப் பார்த்தேன். சொட்டு நிற்கவில்லை.

அந்த நிலையில்தான் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் இருக்கும் ஃபமோசோவுக்குப் போனேன், மார்ச் மீட் என்ற டிராக் பந்தயம் பார்க்க. இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம்தான் அங்கே டிராக் ஸ்ட்ரிப், அதாவது நேர்கோட்டில் வேகப் பந்தயம் ஓடும் பாதை. 1957-இல் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தன் பந்தயங்களில் நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ) என்ற வீரியமான எரிபொருளைத் தடை செய்துவிட்டது. ஆனால் 1959-இல் பேக்கர்ஸ்ஃபீல்டின் ஸ்மோக்கர்ஸ் கிளப் இதே இடத்தில் நைட்ரோ வண்டிகளுக்குக் கதவைத் திறந்தது. ஃப்ளோரிடாவிலிருந்து பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் வந்தார். ஜெயித்தது உள்ளூர்ப் பக்கத்து ஆர்ட் கிரிஸ்மன். தடை 1963 வரை நீடித்தது. அத்தனை வருஷமும் நைட்ரோவைக் காப்பாற்றியது இந்த மாதிரி கிளப் பையன்கள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சாயங்காலம் பழைய டிராக்ஸ்டர்களை, இந்தப் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகளை, வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னால் ஒரு பிக்கப் வந்து தள்ளியது. எஞ்சின் பிடித்தவுடன் குழாய்களில் மஞ்சள் தீ. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, நெஞ்செலும்பு அதிர்ந்தது, ஆனாலும் நகர மனசு வரவில்லை. பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 பங்கு போதும், ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் அந்த எஞ்சின் குடம் குடமாகக் குடிக்கும். என் எஞ்சினுக்கோ ஒரு சொட்டு கூடினாலே தகராறு.

பழைய உதிரி விற்கும் வரிசையில் ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், மேசை நிறைய 97-கள் வைத்திருந்தார். போனில் என் படத்தைக் காட்டினேன். மிதவையை அவர் பார்க்கவே இல்லை. "பம்ப் எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுது?" என்றார். ஐந்து பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு) இருக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இரண்டு விரலைக் காட்டி, மூன்றாவதைப் பாதி மடக்கினார். இரண்டரை. அதற்கு மேல் போனால் ஊசி வால்வால் தாங்க முடியாது, பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்றார். ஒரு மேல்மூடியைக் கையில் கொடுத்து, ஊசி உட்காரும் இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய வளையமாக ஒரு தேய்மானம் விரலில் தட்டியது.

திரும்பி வந்து பம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் மாட்டி இரண்டரைக்கு இறக்கினேன். மட்டம் 15/32-இலேயே நின்றது. ராத்திரி முழுக்க அடியில் வெள்ளைத் தாளை விரித்து வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.

அப்புறம் ஓடவிட்டேன். இடது கார்புரேட்டர் வலதை விடக் கூடுதலாகக் காற்று இழுக்கிறது. த்ராட்டில் கம்பியை ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரிகிறது, அது சுழலும் புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கும். வரும் சனிக்கிழமை அதைக் கழற்ற வேண்டும்.